வெள்ளியங்கிரி மலைப்பாதைக்கு மண்டபம் வேணுமா, கொட்டகை போதுமா?

1/ பிப்ரவரி வந்துட்டா எங்க சாமளாபுரத்துல க்ளினிக்குக்கு வர்ற தறிக்காரங்க பல பேர் கேக்கற கேள்வி: "டாக்டர், இந்த வருசம் வெள்ளியங்கிரி ஏறலாமுங்களா?"

2/ 2024 சீசன்ல மலையேறப் போன பலர் இறந்த செய்தியைப் படிச்சோம். அதுல இருந்து ஒரு தரப்பு, "மேல ரூம், கடை, லைட்டோட பெரிய மண்டபம் கட்டுங்க"ன்னு சொல்லுது. இன்னொரு தரப்பு, "காட்டுக்குள்ள ஒரு கல்லுகூட வைக்காதீங்க"ங்குது. ஒரு மருத்துவரா என் கருத்தைச் சொல்றேன்.

3/ என்கிட்ட வந்த ஒருத்தர், நாற்பதைத் தாண்டினவர். நைட் ஷிப்ட் தறி ஓட்டிட்டு, பகல்ல அரைத்தூக்கம் போட்டு, அன்னிக்கு ராத்திரியே ஏறியிருக்கார். ரெண்டாவது மலையில நெஞ்சு இறுக்கம், வேர்வை. அப்படியே மேல போய் வந்துட்டார். மறுநாள் "கேஸ் ட்ரபிளுங்க"ன்னு என்கிட்ட வந்தார். ஈசிஜி எடுத்தா மாரடைப்பு! உடனே கோவைக்கு அனுப்பினோம், பிழைச்சுட்டார்.

4/ அப்புறம் கேட்டேன், "அங்கயே ஏன் திரும்பலை?"
"எங்கீங்க உக்கார்றது? நின்னா பின்னாடி வர்றவங்க இடிக்கறாங்க. குளிரு வேற. நடந்தாத்தானுங்க உடம்பு சூடாகுது."

5/ என்னைப் பொறுத்தவரை இந்தப் பதில்லயே தீர்வு இருக்கு. கொட்டகையோட வேலை சொகுசு தர்றது இல்ல. ஒரு மனுசன் வெக்கப்படாம உக்காந்து, யோசிச்சு, கீழ திரும்பிப் போக இடம் கொடுக்கறது.

6/ அதனால அது முதல் ரெண்டு மலையிலயே இருக்கணும். ஆறாவது மலையில மண்டபம் கட்டினா, ஏறக்கூடாதவங்களும் "மேல போய்ப் படுத்துக்கலாம்"னு ஏறுவாங்க. அங்க நெஞ்சுவலி வந்தா டோலியில கீழ கொண்டு வரவே மணிக்கணக்காகும்.

7/ ரூமும் கடையும் வந்தா சோறும் குப்பையும் வரும். அது யானை நடமாடற காடு. வனத்துறை அடிவாரத்துல பிளாஸ்டிக்கை சோதிக்கறதுக்குக் காரணம் இருக்கு.

8/ "ஆக்சிஜன் வேணாமா?"ன்னு கேப்பீங்க. மலை சுமார் 6000 அடிதான். உயர நோய் பொதுவா 8000 அடிக்கு மேலதான் தொல்லை தரும். இங்க ஆளை அடிக்கறது தூக்கமின்மை, தண்ணிக்குறைவு, குளிர், தெரியாம இருந்த பிபி, சுகர், இதய அடைப்பு.

9/ இதயம் நின்னுபோனா, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யாம போற ஒவ்வொரு நிமிசமும் பிழைக்கற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அந்த நேரத்துல உதவறது பயிற்சி எடுத்த ரெண்டு கைதான், கிரானைட் தரை இல்ல. சபரிமலைப் பாதையில நீலிமலை, அப்பாச்சிமேட்டுல சீசனுக்கு இதய சிகிச்சை மையம் நடத்தறாங்க. நாம எடுத்துக்க வேண்டியது அந்த ஏற்பாட்டை.

10/ ஆக, நான் கேக்கறது: மூணு பக்கம் காத்துத் தடுப்பு, கூரை, கல்திண்ணை, குடிதண்ணி, ஸ்ட்ரெச்சர், ஏஇடி கருவி, வாக்கிடாக்கியோட ஒரு பயிற்சி பெற்ற ஆள். அவ்வளவுதான்.

11/ நம்ம ஊர்ப் பாதையோர சுமைதாங்கியைப் பாருங்க. ரெண்டு கல் நிமிர்ந்து, மேல ஒரு கல் படுத்திருக்கும். கூரைகூட கிடையாது. ஆனா தலைச்சுமையை யார் உதவியும் இல்லாம இறக்கி வைக்கலாம். நடக்கறவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவங்க செஞ்ச வேலை அது.

12/ கொட்டகை வர்ற வரைக்கும்: நைட் ஷிப்ட் முடிச்ச அன்னிக்கு ஏறாதீங்க. பிபி, சுகர் மாத்திரையை நிறுத்தாதீங்க. நெஞ்சு இறுகினா, தாடையோ இடது கையோ வலிச்சா, கேஸ்னு நினைக்காம உக்காருங்க, கூட வந்தவங்ககிட்ட சொல்லுங்க, மேல ஒரு அடிகூட ஏறாதீங்க. கூட்டாளி உக்காந்தா "வாடா, இன்னும் கொஞ்சந்தான்"னு இழுக்காதீங்க. மலை அடுத்த வருசமும் அங்கயேதான் இருக்கும்.