புதியவர் என்பது குறையா?

நாட்டின் உயர்பதவி ஒன்றுக்கு அரசியலில் பழகாத ஒருவரின் பெயர் முன்மொழியப்படும் போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழக் காண்கிறோம். "இவர் புதியவர், ஆகவே கறை படாதவர்" என மகிழ்வார் ஒரு சாரார். "இவர் புதியவர், ஆகவே ஆளத் தெரியாதவர்" என ஒதுக்குவார் மற்றொரு சாரார். ஒரே சொல்லை ஒருவர் புகழாகவும் மற்றவர் பழியாகவும் கொள்கின்றனர். புதுமை தகுதியா, தகுதிக்குறையா என்னும் வினாவைத் தமிழ் பயில்வோரும் பயிற்றுவோரும் எண்ணிப் பார்த்தல் நன்று. திருவள்ளுவரும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஈரதிகாரங்களை இப்பொருளுக்கெனவே வகுத்துள்ளார் அன்றோ!

2002 ஆம் ஆண்டு இவ்வினா நம் வீட்டு வாசலுக்கே வந்தது. இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகனும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றவருமான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராக நிறுத்தப்பட்டார். அப்போது அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் இருந்தார். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒருநாளும் உறுப்பினராக இருந்தவர் அல்லர். எக்கட்சியிலும் சேர்ந்தவர் அல்லர். தேசிய சனநாயகக் கூட்டணி முன்மொழிய, காங்கிரசும் ஆதரித்தது. இடதுசாரிகள் சென்னையில் பிறந்த மருத்துவரும் இந்திய தேசிய இராணுவ வீராங்கனையுமான இலட்சுமி சேகலை நிறுத்தினர். ஜூலை 15 இல் நடந்த தேர்தலில் கலாம் 9,22,884 வாக்கு மதிப்பும், இலட்சுமி சேகல் 1,07,366 வாக்கு மதிப்பும் பெற்றனர். வென்றவர் புதியவர். அவ்வெற்றி தகுதிக்குக் கிடைத்ததா என்பதே நம் ஆய்வுப் பொருள்.

சட்டம் வகுத்த வாயில்

இந்திய அரசமைப்பின் 58 ஆம் பிரிவு குடியரசுத் தலைவர் ஆவதற்குரிய தகுதிகளைச் சுருக்கமாகவே கூறுகிறது. இந்தியக் குடிமகனாதல் வேண்டும். 35 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருத்தல் கூடாது. பட்டம் வேண்டும் என்றோ, முன்னர்ப் பதவி வகித்திருத்தல் வேண்டும் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. அமெரிக்க அரசியல் சட்டமும் 35 வயது, பிறப்புவழிக் குடியுரிமை, 14 ஆண்டு வாழ்வு என்னும் அளவிலேயே நின்றுவிடுகிறது. சட்டம் வாயிலை வேண்டுமென்றே அகலமாக வைத்துள்ளது. வாயிலுக்குள் வருவோரை எடைபோடும் கடமையைத் தேர்ந்தெடுப்போரிடம் விட்டுள்ளது. ஆகவே "சட்டப்படி தகுதி உண்டா?" என்பது எளிய வினா. "பொறுப்புக்குத் தகுமா?" என்பதே அரிய வினா.

கல்லில் எழுதிய தகுதி

இவ்வரிய வினாவுக்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூருக்குச் சென்றால் போதும். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் கற்சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து விதிகள், கி.பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்டவை, இன்றும் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். இதனைக் குடவோலை முறை என மாணவர் அனைவரும் பாடத்தில் படித்திருப்பர். ஆயினும் பாடநூல் விரைந்து கடந்துவிடும் இரு விதிகள் நம் கருத்துக்கு உரியவை.

முதலாவது, அண்மை மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அனுபவமே அங்குச் சிறிது காலம் தடையாயிற்று. புதியவருக்கு இடம் விடுவது விதியாயிற்று. இரண்டாவது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தேர்வுக்கு உரியர் அல்லர். பதவியில் இருந்தமை பெருமையன்று. இருந்து கணக்குக் காட்டியமையே பெருமை என்பது இதன் கருத்து. 921 ஆம் ஆண்டு விதியில் குறைந்த வயதாகக் கூறப்படுவதும் 35 என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

அவ்விதிகளின் குறையையும் மறைத்தல் ஆகாது. கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர், வேதம் கற்றவர் என்னும் நிபந்தனைகளால் அந்த அந்தணர் சபைக்கு வெளியே உழைத்த மக்கள் அனைவரும் விலக்கப்பட்டனர், பெண்டிர்க்கும் இடமில்லை. தகுதி என்னும் சொல் சிலரை வெளியே நிறுத்தவும் பயன்படும் என்பதற்கும் அக்கல்லே சான்று.

இளையவர்க்கு வழிவிட்ட பெரியவர்

இசுலாமிய வரலாற்றிலும் இவ்வினா எழுந்ததுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிக் காலத்தில் சிரியா நோக்கிய படைக்கு உசாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைத் தலைவராக்கினார்கள். அவருக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் மகன். உமர் (ரலி) போன்ற மூத்தோர் அப்படையில் இருந்தனர். முணுமுணுப்பு எழுந்தது. உசாமா அப்பொறுப்புக்குத் தக்கவரே எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் உறுதி கூறினார்கள். அவர்கள் மறைந்த பின் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களும் அந்நியமனத்தை மாற்றவில்லை. உசாமா வாகனத்தில் செல்ல, முதியவரான கலீஃபா உடன் நடந்து வழியனுப்பினார்கள். உமரைத் தம்முடன் மதீனாவில் இருத்திக்கொள்ளவும் அந்த இளைஞரிடம் இசைவு கேட்டார்கள். நம் மூத்தோர் இந்நிகழ்ச்சியைச் சொற்பொழிவில் கேட்டுக் கண்கலங்குவர். ஊர்ப் பொறுப்பு ஒன்றுக்கு இளைஞன் ஒருவன் முன்வந்தால் "அனுபவம் இல்லை" எனத் திருப்பியும் அனுப்புவர். இம்முரண் நம் கவனத்துக்கு உரியது.

அனுபவத்தின் இரு முகங்கள்

அனுபவம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. 1997 இல் உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். அவர் தூதர், அமைச்சர், துணைத்தலைவர் எனப் படிப்படியாக ஏறியவர். 2005 மே மாதம் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை வந்தபோது கலாம் மாஸ்கோவில் இருந்தார், அங்கிருந்தே ஒப்பமிட்டார். அக்கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. புதியவரின் சறுக்கல் இது என ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் 1975 ஜூன் 25 ஆம் நாள் இரவு, அமைச்சரவை கூடும் முன்னரே நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட பக்ருதீன் அலி அகமது, வழக்கறிஞராகவும் மாநில, மத்திய அமைச்சராகவும் நெடுங்காலம் பழுத்தவர். அவருடைய அனுபவம் அந்த இரவில் எங்கே போயிற்று? அனுபவம் வழி தெரிவிக்கும். மறுத்து நிற்கும் துணிவை அது தாராது.

அத்துணிவைக் கலாம் காட்டினார். பதவியேற்ற அடுத்த மாதமே, கலவரத்தில் வெந்த குசராத்துக்குச் சென்றார். 2006 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆதாயப் பதவி மசோதாவை மறுஆய்வு செய்யுமாறு திருப்பி அனுப்பினார். அது மாற்றமின்றி மீண்டும் வந்தபோது சட்டப்படி ஒப்பமிட்டார். பீகார் நிகழ்ச்சியால் பதவி விலக எண்ணியதையும் பின்னாளில் தம் நூலில் தாமே எழுதினார். 1979 இல் எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்ததையும், 1980 இல் அது வென்றதையும் அவர் மேடைதோறும் சேர்த்தே கூறியது போன்றதே இதுவும். தோல்வியையும் கணக்கில் எழுதியவர் அவர்.

பெயரும் பெருமையும்

அவர் வேட்பாளரானபோது "இசுலாமியர் என்பதால் நிறுத்தினர்" என்றனர் சிலர். நம்மவருள் பலர் இசுலாமியர் என்பதாலேயே பூரித்தனர். நாமும் பூரித்தோம், மறுப்பதற்கில்லை. எனினும் ஆய்ந்து நோக்கின் இரண்டும் ஒரே பிழை. பெயரைப் பார்த்து ஐயுறுவதும் பெயரைப் பார்த்து மகிழ்வதும் மனிதரைப் பாராதிருத்தலே. நம் பிள்ளைகள் பொதுவாழ்வில் நுழையும்போது அவர்தம் பெயருக்காக ஏற்கப்படவும் வேண்டாம், தள்ளப்படவும் வேண்டாம். அவர்தம் கணக்கைக் கேட்கட்டும், காட்டுவர்.

உள்ளாட்சிகளில் பெண்டிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கிய பின் தமிழகத்தில் 1996 இல் தேர்தல் நடந்தபோது, நம் கடற்கரை ஊர்களிலும் பெண்கள் புதியராகவே பொறுப்பேற்றனர். தலைமுறைகளாகக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, "உள்ளே வந்த பழக்கம் உண்டா?" என அவர்களைக் கேட்பது அறமாகாது.

ஆகவே புதியவர் ஒருவர் எப்பதவிக்கு முன்வரினும், அது குடியரசுத் தலைவர் பதவியாயினும் கல்லூரி மாணவர் மன்றமாயினும், நாம் கேட்க வேண்டியவை இரண்டே. இதுவரை ஏற்ற பணியில் இவர் காட்டிய கணக்கு எங்கே? தம்மை உயர்த்தியவரிடமும் "ஆகாது" என்று சொல்லும் துணிவு உண்டா? இவ்விரண்டையும் பழையவரிடமும் தவறாது கேட்போமாக. விடை சொல்ல இயலாதவர் நாற்பதாண்டு பதவியில் இருந்தாலும் தகுதியற்றவரே. சொல்ல இயன்றவர் நேற்று வந்தவராயினும் தக்கவரே.

கேட்கும் துணிவை நமக்கும், கணக்குக் காட்டும் நேர்மையை நம்மை ஆள்வோர்க்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!