பூட்டிய வீட்டுக்கு வரும் கடிதங்கள்

நெடும் பிரயாணம் புறப்படும் குடும்பத்தில் முதன்முதல் தயாராவது எது? சந்தேகமே வேண்டாம், பருப்புப் பொடிதான். பிறகு வடகம், அப்பளம், ஊறுகாய், பேரக் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். விமானக் கம்பெனியார் விதித்த எடைக்கு மேல் அரைக் கிலோ ஏறிவிட்டதே என்று பெட்டியைப் பத்து முறை திறந்து மூடுவார்கள். ஆனால் ஆறு மாத காலம் பூட்டிக் கிடக்கப்போகும் வீட்டுக்கு யாரிடமிருந்து என்ன கடிதம் வரும், எந்தப் பணத்தை எந்தத் தேதியில் கட்டவேண்டும் என்ற யோசனைக்கு அரை மணி நேரமும் ஒதுக்குவதில்லை. வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, அடுத்த வீட்டுக்காரரிடம் சாவியை நீட்டி, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய சுமை அடங்கியிருக்கிறது என்பதை நாம் 2023-ஆம் வருஷத்தில் அறிந்தோம். ஏனெனில், அவ்விதம் சாவி வாங்கிக்கொண்ட அடுத்த வீட்டுக்காரர் நாமேதான்.

நம் தெருப் பெரியவர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியுடன் அமெரிக்காவிலிருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றார். நாம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினோம். வாரம் ஒரு முறை ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். தபால் பெட்டியில் விழுந்தவற்றைத் திரட்டி ஒரு பையில் பத்திரமாகச் சேர்த்தோம். நம் கடமையைச் செவ்வனே செய்வதாக ஓரளவு கர்வமும் கொண்டிருந்தோம்.

ஒரு நாள் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றுடன் வந்து, "பக்கத்து வீட்டுப் பெரியவர் இல்லையா, சார்?" என்று கேட்டார். "அவர் வெளிநாடு போயிருக்கிறார்; வர நான்கு மாதமாகும்" என்றோம். விலாசதாரர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டாலன்றிக் கொடுக்க இயலாது என்று சொல்லி, உறையின் மேல் ஏதோ குறித்துக்கொண்டு அவர் போய்விட்டார். மறுநாளும் வந்தார், அதே பதில் சொன்னோம். பரீட்சைத் தாள்கள் குவிந்திருந்த சமயம் அது. இந்தச் சிறு விஷயத்துக்காகக் கடல் கடந்து செய்தி அனுப்புவானேன் என்று எண்ணி மறந்தும் போனோம்.

அது சிறு விஷயமன்று. பெரியவருக்கு ஊர்ப்புறத்தில் ஒரு மனை உண்டு. அதன் எல்லையை அளப்பது பற்றி ஓர் அலுவலகம் அனுப்பிய அறிவிப்பு அது. ஆட்சேபம் இருந்தால் 15 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது அதில் கண்ட கெடு. கெடு கடந்தது; ஆட்சேபம் வரவில்லை; அளவு முடிந்தது. பெரியவர் திரும்பி வந்தபோது அவருடைய மனையின் கிழக்குப் புறத்தில் இரண்டடி அகலம் அண்டை மனையோடு சேர்ந்திருந்தது. அந்த இரண்டடியில்தான் அவர் தகப்பனார் வெட்டிய கிணற்றின் ஒரு பாதி இருந்தது. மேல்முறையீடு செய்து அதை மீட்பதற்குள் ஒன்றரை வருஷம் அலைந்தார். எழுபது வயதுக்கு மேற்பட்டவர் பஸ் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு உணவு இறங்கவில்லை.

"தம்பி, உங்கள் மேல் குற்றமில்லை. சாவியைக் கொடுத்தேனே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் போனேன்" என்றார் அவர். இது அவருடைய பெருந்தன்மை. நம் குற்றம் நமக்குத் தெரியும்.

பூட்டு வீட்டுக்குத்தானேயொழிய, வீட்டின் பொறுப்புகளுக்கு அன்று. சட்டமும் இவ்விதமே கருதுகிறது. 1897-ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, சரியான விலாசமிட்டு உரிய கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். காசோலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2007-ஆம் வருஷம் இந்த அனுமானத்தை உறுதி செய்தது. 'வீடு பூட்டியிருந்தது, நான் ஊரில் இல்லை' என்பது எப்போதும் செல்லுபடியாகும் பதில் அன்று என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

ஆகவே நீண்ட நாள் வெளியூர் செல்பவர் முதற்காரியமாகத் தம் தபால் நிலையத்துக்குச் செல்லட்டும். தமக்கு வரும் கடிதங்களை உள்நாட்டிலுள்ள மகன், தம்பி போன்றோர் விலாசத்துக்குத் திருப்பிவிடும்படி எழுதிக் கொடுக்கலாம். அன்றேல், கையெழுத்திட்டு வாங்கவேண்டிய தபால்களைத் தம் சார்பில் பெற்றுக்கொள்ள ஒருவருக்கு அதிகாரம் அளித்து எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பதிவுத் தபால் 2025-ஆம் வருஷத்தில் விரைவுத் தபாலுடன் இணைந்துவிட்டது. பெயர் மாறினாலும் வாங்குவதற்கு ஆள் வேண்டும் என்பது மாறவில்லை. பெட்டி நிறைந்து வழியும் கடிதங்கள், 'இங்கே யாரும் இல்லை' என்று திருடனுக்கு எழுதி ஒட்டிய விளம்பரம் என்பதையும் மறக்கலாகாது.

அடுத்தது பணம் கட்டுவது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் பணம் கட்டவேண்டும். முன்பணமாகவே ஒரு தொகை செலுத்திச் செல்ல வசதியுண்டு. ஆறு மாதத்துக்கு மூன்று கணக்கு என்று எண்ணி முன்கூட்டியே கட்டிவிடுவது நலம். சென்னை மாநகராட்சியில் சொத்துவரி அரை வருஷத்துக்கு ஒரு முறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம் சலுகையுண்டு. ஆயுள் இன்ஷ்யூரன்ஸில் வருஷ, அரை வருஷ, காலாண்டுப் பிரீமியத்துக்குக் கெடுவுக்கு மேல் 30 நாளும், மாதப் பிரீமியத்துக்கு 15 நாளும் அவகாசம் தருகிறார்கள். அதற்குப் பின் பாலிஸி காலாவதியாகிவிடும்.

"இவையெல்லாம் இப்போது பாங்கிக் கணக்கிலிருந்து தாமே கழிந்துவிடுகின்றனவே!" என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ரிஸர்வ் பாங்கியின் விதிப்படி, அட்டை மூலம் தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒவ்வொரு தடவையும் கைபேசிக்கு வரும் ரகசிய எண் தேவை. இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம், பரஸ்பர நிதி, கடன் அட்டைப் பாக்கி ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் இவ்வரம்பு ஒரு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. பிரயாணம் போனவர் உள்ளூர் சிம் அட்டையைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த எண் யாருக்கு வரும்? டிராயருக்கா? அந்த அட்டையை உடன் கொண்டு செல்லவேண்டும். வெளிநாட்டில் செய்தி பெறும் வசதி செய்துகொள்ள வேண்டும். அதன் ஆயுள் தீராமல் அவ்வப்போது பணமும் நிரப்ப வேண்டும்.

ஓய்வூதியம் பெறும் மத்திய அரசு ஊழியர்கள் நவம்பர் மாதத்தில் உயிர்ச் சான்று அளிக்கவேண்டும் என்பது தெரிந்ததே. 2014-ஆம் வருஷம் நவம்பரில் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' திட்டத்தின் பயனாக இது மிகவும் சுலபமாகிவிட்டது. வெளிநாட்டிலிருப்போர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் மூலமும் சான்று பெறலாம். மாநில ஓய்வூதியர் தமக்குரிய மாதத்தைக் கருவூலத்தில் விசாரித்து அறிந்த பின்னரே பிரயாணச் சீட்டு வாங்குவது உத்தமம்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. எவ்வளவு நெருங்கிய சிநேகிதரானாலும் பாங்கியின் கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் கொடுக்கக்கூடாது. சாவி கொடுப்பது நம்பிக்கை. கடவுச்சொல் கொடுப்பது அந்த நம்பிக்கையின் தலையில் பாரத்தை ஏற்றுவது. பிற்காலத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் இரு குடும்பங்களின் சிநேகமும் குறைந்துபோகும். செலவுக்கென்று ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்வதே இரு தரப்புக்கும் கௌரவம்.

சாவி வாங்கிக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. எந்தக் கடிதம் சிறிது, எது பெரிது என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கில்லை. உறையின் மேற்புறத்தைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுவது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் ஒரு முதியவரின் ஒன்றரை வருஷத்தை நாம் செலவழித்தோம்.

இவ்வருஷம் அத்தம்பதிகள் மறுபடியும் மகள் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். நேற்று மாலை பெரியவரின் மனைவி நம் வீட்டுக்கு வந்து, நான்கு பக்கம் நிறைய எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை மேஜை மேல் வைத்தார். மின் இணைப்பு எண், வரி ரசீது நகல், தபால் நிலையத்தில் நம் பெயருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் பிரதி, எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன.

"பருப்புப் பொடி அரைத்தாயிற்றா, அக்கா?" என்று நம் மனைவி கேட்டாள்.

"இனிமேல்தான், முதலில் இதை முடித்தேன்" என்றார் அந்த அம்மையார்.

சாவியை நாம் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டோம்.