வேஷம் மாறுகிறது, கல்லாப்பெட்டி மாறவில்லை!

அமெரிக்கப் பாடகி மடோனா தம் பாட்டுப் படங்களில் புதிது புதிதாக வேஷம் கட்டுகிறார். அது கலகம், பெண் விடுதலை என்று மேல்நாட்டு விமர்சகர்கள் சிலர் முழங்குகிறார்கள். உண்மை என்ன?

1985ல் 'மெட்டீரியல் கேர்ள்' படத்தில் இளஞ்சிவப்பு கவுன், வைர நகை; அச்சு அசல் மர்லின் மன்றோ! 1989ல் 'லைக் எ பிரேயர்' படத்தில் எரியும் சிலுவைகள். பொய்க் குற்றத்துக்கு ஆளான நீக்ரோவுக்காகச் சாட்சி சொல்லும் பெண். நல்ல கருத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பாட்டு பெப்சி பானத்துக்கும் விளம்பரம். ஒப்பந்தம் 50 லட்சம் டாலர்! மதவாதிகள் கூச்சலிட்டதும் பெப்சி விளம்பரத்தை நிறுத்தியது. பணம் பாடகியிடமே தங்கியது. 1990ல் 'ஜஸ்டிஃபை மை லவ்' படத்தை எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. உடனே அது வீடியோ நாடாவாகக் கடைக்கு வந்தது. தடையும் சரக்காயிற்று!

2003ல்தான் உண்மையான சோதனை வந்தது. 'அமெரிக்கன் லைஃப்' படம் யுத்த வெறியைச் சாடியது. மார்ச்சில் இராக்கின்மீது அமெரிக்கப் படை பாய்ந்தது. ஏப்ரலில் பாடகியே படத்தைத் திரும்பப் பெற்றார்! படைவீரர்களுக்கு மரியாதை என்று காரணம் சொல்லப்பட்டது. பதிலுக்கு வந்த படத்தில் பல நாட்டுக் கொடிகளின் முன் நின்று பாடினார். முழுப் படத்தை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2023ல். இருபது ஆண்டு கழித்து!

உடையைக் கண்டு பதறும் பழமைவாதிகளோடு நமக்கு உறவில்லை. எதை உடுப்பது என்பது பெண்ணின் உரிமை. நாம் கேட்பது வேறு. சிலுவை எரியும்போது துணிந்த கலகம், குண்டு விழும்போது சுருண்டது ஏன்? சந்தை அனுமதிக்கும் வரைதான் அந்தத் துணிச்சல். அதற்குக் கலகம் என்று பெயர் சூட்டாதீர்கள்!