15 கிலோமீட்டர் வேகம்... அது போதும்!

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. நின்ற இடத்திலிருந்து அசைவதுதான் பெரும்பாடு. முட்டுக்கட்டை போடுபவரின் கை ஒரு நொடி தவறினாலும் ஆபத்து. ரயில்வேயிலும் இப்படி ஒரு வேலை உண்டு. அதன் பெயர் ஷண்டிங். பெட்டிகளைப் பிரிப்பது, கோப்பது, ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தள்ளிவிடுவது எல்லாம் இதில் அடக்கம்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற ஊர் வாலாஜாபாத். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தயாராகும் கார்கள் இந்த ஸ்டேஷனிலிருந்தும் ரயிலேறி வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. கார் ஏற்றும் ரயில்களில் ஒரு வகை, நீங்களும் நானும் எப்போதோ பயணம் செய்த பழைய பயணிகள் பெட்டிகள்தான்! வயதான பெட்டியின் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, இரு முனைகளிலும் கதவு வைத்துவிடுகிறார்கள். ஒரு பெட்டிக்கு 5 கார்கள் வீதம், 25 பெட்டிகளில் 125 கார்கள். முனைக் கதவு வழியாக நுழையும் கார், பெட்டி பெட்டியாகக் கடந்து உள்ளே போகும். அதற்கு ரயிலின் முனை சாய்தளத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். இன்ஜின் வழிவிட்டு விலக வேண்டும்.

இந்த வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? தனி உத்தரவு இல்லாவிட்டால், நம் ரயில்வே விதிப்படி ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. வெடிபொருள் வேகன் என்றால் வெறும் 8. காலை நடைப்பயிற்சியில் வேகமாக நடப்பவரே கிட்டத்தட்ட அதை எட்டிவிடுவார்! ஆனால், நூற்றுக்கணக்கான டன் எடையை அந்த வேகத்தில் குலுங்காமல் நகர்த்த வேண்டும். வேகத்தைவிட இழுவைதான் இங்கே கணக்கு.

ஜப்பானில் 2010-ல் வந்த எச்.டி.300 என்ற ஷண்டிங் இன்ஜின், சொந்த சக்தியில் ஓடும்போது 45 கிலோமீட்டர் வேகம்தான். சிறிய டீசல் இன்ஜினும் லித்தியம் பேட்டரியும் கைகோத்து ஓடுவதால், பழைய டீசலைவிட எரிபொருள் செலவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நம் ஊரில்தான் தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி வந்துவிட்டதே, டீசல் எதற்கு? கிரேனும் பொக்லைனும் வேலை செய்யும் சரக்குத் தடத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பியைத் தொங்கவிட முடியாது. அதனால் கடைசி சில நூறு மீட்டருக்கு டீசல் இன்ஜின் தேவைப்படுகிறது.

புகை விஷயத்தில் பெரிய சிக்கல், அது நகரும்போது அல்ல, சும்மா நிற்கும்போது. ஷண்டிங் இன்ஜினின் பாதி வாழ்க்கை காத்திருப்பிலேயே கழிகிறது. மீண்டும் கிளப்புவது தொல்லை என்று அணைக்காமல் விட்டால், பெரிய டீசல் இன்ஜின் மணிக்குச் சுமார் 25 லிட்டர் குடிக்கும். யார்டுகள் பெரும்பாலும் ஊரை ஒட்டியே இருப்பதால், புகை நேராகப் பக்கத்துத் தெரு மொட்டைமாடித் துணிகளுக்குத்தான் போகும்.

இதற்கு எளிய வைத்தியம் ஒன்றை இந்திய ரயில்வே ஏற்கெனவே செய்திருக்கிறது. 25 குதிரைத்திறனில் ஒரு குட்டி இன்ஜினைக் கூடவே பொருத்துவது. பெரியது ஓய்வெடுக்கும்போது, சின்னது பேட்டரியைக் காப்பாற்றும். செலவு மணிக்குச் சுமார் 3 லிட்டர். நாளுக்குப் பத்து மணி நேரம் காத்திருந்தால், 250 லிட்டர் 30 ஆகிவிடுகிறது. விளம்பரமே இல்லாத இந்தக் குட்டி இன்ஜினுக்குத்தான் முதல் பாராட்டு.

அடுத்த படி, பேட்டரி. 2020-ல் ஜபல்பூரில் மேற்கு மத்திய ரயில்வே உருவாக்கிய 'நவ்தூத்', மின்கம்பி இருக்கும் இடத்தில் அதிலும், இல்லாத இடத்தில் பேட்டரியிலும் ஓடும். ஆனால் அவசரப்படவும் கூடாது. கனடாவின் 'கிரீன் கோட்' பேட்டரி இன்ஜின்கள் சிலவற்றில் தீப்பிடித்து, 2007-ல் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. தண்டவாளத்தின் ஒரு பக்கம் புதுக் கார்கள், மறுபக்கம் வீடுகள் என்றிருக்கும் யார்டில், பேட்டரியின் சூட்டைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேகத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.