ஃபைலும் பேனாவும் போதுமா?

என் கணவர், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். 30 மிஷின் அவர் பொறுப்பு.

சென்ற ஆண்டு, இவரையும் மற்ற சூப்பர்வைசர்களையும், கோவையில் பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினர். ஆட்களிடம் தன்மையாக வேலை வாங்குவது எப்படி என்று வகுப்பாம். ஃபைல், பேனா, சர்டிபிகேட், குரூப் போட்டோ சகிதம் திரும்பினார். ஒரு வாரம், லைனில் எல்லாருக்கும், 'குட்மார்னிங்' சொன்னார். எட்டாம் நாள், ஷிப்மென்ட் அவசரம், பழையபடி கத்தல். ஓவர்லாக் ஓட்டிய ஒரு பெண், அழுதுகொண்டே போனவள், திரும்ப வேலைக்கு வரவே இல்லை. அந்த எரிச்சல் வீட்டுக்கும் வந்து, என் மீதும், பிள்ளைகள் மீதும் விழுந்தது.

நான் பிளஸ் 2 வரை படித்தவள். சும்மா இருந்த நேரத்தில் அந்த ஃபைலைப் புரட்டினேன். கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர், பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்க, 1959லேயே நான்கு படி சொல்லியிருக்கிறார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக் கொண்டார்களா, வேலையில் அவர்கள் நடந்து கொள்வது மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா... வகுப்பு முடிவில் கொடுத்த பாரத்திலோ, 'பேச்சாளர் எப்படி, சாப்பாடு எப்படி' என்று தான் கேட்டிருந்தனர். முதல் படியோடு சரி!

பிறகு முதலாளிக்கு என்ன தோன்றியதோ, ஓய்வு பெற்ற தையல் மாஸ்டர் ஒருவரை, வாரம் ஒருநாள் வரச் சொன்னார். அவர் வகுப்பெல்லாம் எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் இவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, 'தம்பி, இன்னைக்கு நாலு தடவை சத்தம் போட்டிருக்கீங்க. மூணு தடவை தப்பு அந்தப் புள்ளைக மேல இல்லீங்க. கட்டிங்கே கோணலா வந்திருக்குது' என்பார். அடுத்த வாரம் வந்து, போன வாரம் சொன்னதை மறக்காமல் கேட்பார். நாலு பேர் எதிரில் சொல்லியிருந்தால், இவர் காதில் ஏறியே இருக்காது. இப்போது, சொல்லாமல் லீவு போடுகிறவர்கள் குறைந்திருக்கின்றனராம்.

ஓட்டல் வகுப்புக்குப் பணம் கட்டும் முதலாளிகள், மூன்று மாதம் கழித்து, மிஷினில் உட்காரும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமே... வீட்டில் இருக்கும் எங்களைக் கேட்டாலும் சொல்வோம்!

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, 'இன்னைக்கு ரெண்டே தடவை தான்' என்றார். 'வேலையை விட்டுப் போன அந்தப் பொண்ணுக்குச் சொல்லி அனுப்புங்க' என்றேன். பதில் பேசாமல் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

– ஒரு வாசகி, திருப்பூர்.