படம் முடிந்த பின்

நம் பங்குகளில் படம் போடுவதற்குக் குறைவில்லை. தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகள், திருவிழா நாள்களில் புனிதர் வரலாறு, கோடையில் இளைஞர் முகாமுக்கு ஏதேனும் ஒரு 'நல்ல கருத்துள்ள' படம் என்று ஆண்டுதோறும் திரை கட்டுகிறோம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, "இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன?" என்று கேட்கிறோம். விடை பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்: குடிக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, பெற்றோரை மதிக்க வேண்டும். பிறகு கைதட்டல், செபம், தேநீர். இதற்குக் கலந்துரையாடல் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பார்த்த படத்தை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுக் கலையும் சடங்கு என்றே இதனை நாம் சொல்லுவோம்.

வட்டக்கானலில் ஒரு மாலை இச்சடங்கை நாமே நிறைவேற்றினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தைக் காட்டினோம். மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலத்துக்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்டு, அதனைப் பெற்று, பின் இழந்து, முடிவில் அதே நிலத்தில் எழுந்த காற்றாலைக்குக் காவலாளியாக உட்காரும் கதை அது. படம் முடிந்தபோது யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர், "எங்க தாத்தா உருளைக்கிழங்கு போட்ட இடத்துலதான் இப்ப காட்டேஜ் நிக்குது. அங்கதான் நான் வர்றவங்களுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார். அருகிலிருந்த பெண்மணி ஒருவர், "எங்க கதையும் அதேதான்" என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்து நம்முடன் வந்திருந்த பெரியவர் எழுந்து, உழைப்பவனை ஆண்டவர் ஒருநாளும் கைவிடமாட்டார் என்பதே இப்படம் தரும் செய்தி என்று முடித்துவைத்தார். நாமும் தலையசைத்து, செபத்திற்கு எழுந்து நின்றோம். ரங்கசாமியைவிட யார் உழைத்துவிட முடியும் என்று கேட்க நமக்கு நாவெழவில்லை.

சமூகவியல் தொடங்கிய இடத்தில் நாம் அதன் வாயை மூடினோம். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலில், தனி மனிதரின் சொந்தத் துன்பம் எப்போது ஊரின் பொதுப் பிரச்சினையாகிறது என்பதைக் காணும் திறனையே சமூகவியல் கற்பனை என்றார். கொடைக்கானல் மக்களுக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பாம்பார் சோலைக்கு மேலே, வெப்பமானி செய்யும் பாதரச ஆலை 1983இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. அங்கு வேலை செய்தவருக்குச் சிறுநீரகம் கெட்டபோது அது அவரவர் வீட்டுத் துன்பமாகவே, அவரவர் தலையெழுத்தாகவே இருந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிவந்து, 2001இல் ஆலை மூடப்பட்டு, தொழிலாளர்கள் ஒருவர் நோயை மற்றவர் நோயோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிய பின்னரே அது பொதுப் பிரச்சினையாயிற்று. நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய சில நிமிட ஒளிப்படப் பாட்டு உலகெங்கும் பார்க்கப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது. அந்தச் சில நிமிடப் படத்தை நம் பங்கு மன்றங்கள் எத்தனையில் போட்டுப் பேசினோம்?

திருஅவை இதற்குத் தடை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1936இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் தம் சுற்றுமடலில், தீய படங்களைத் தவிர்ப்பதாக இறைமக்கள் ஆண்டுதோறும் வாக்களிக்க வேண்டும் என்று கேட்டார். நம்மில் பலர் இன்னும் அந்த ஆண்டிலேயே நிற்கிறோம்: பார்க்கலாமா, பார்க்கக் கூடாதா என்பதைத் தாண்டி நமக்குக் கேள்வியில்லை. 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஆணையிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கமோ அவற்றைப் பயன்படுத்துவோருக்குப் பயிற்சி வேண்டும் என்றது. கனடாவில் பிறந்த சேசு சபை அருள்பணியாளர் கஸ்தோன் ரொபேர்ஜ் 1970இல் கல்கத்தாவில் சித்ரபாணி நிலையத்தை நிறுவி, 2020இல் இறக்கும்வரை வங்காளத்து இளைஞர்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் வேலை. நம் மதுரையிலேயே அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட விழா நடத்தத் தொடங்கினார். மலம் அள்ளும் பெண் ஒருவரைப் பின்தொடர்ந்து அவர் எடுத்த 'பீ' (2003) என்னும் படத்தின் தலைப்பைச் சொல்லவே நம் பங்குப் பேரவைகள் கூசும்.

கூச்சத்தினும் பெரிது அச்சம். பேசவிட்டால் சாதி வரும், பங்கு பிளவுபடும் என்கிறார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரை எந்தத் திரைப்படம் கட்டியது? எந்தக் கலந்துரையாடலில் அதற்குக் கல் சுமந்தார்கள்? பிளவு முன்னரே இருக்கிறது. அதனைப் பற்றி வாய் திறவாதிருப்பதை ஒற்றுமை என்று அழைத்துப் பழகிவிட்டோம். ஒரு படத்தைக் காட்டிவிட்டு, இதில் யார் நிலம் யாரிடம் போயிற்று, யார் பேசுகிறார், யார் பேசவேயில்லை, காமிரா யாரை ஒருமுறையும் காட்டவில்லை என்று கேட்பதில் பங்கு உடைந்துபோகுமானால், அது எதனால் ஒட்டவைக்கப்பட்டிருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

காமிரா காட்டாதவர்கள் கொடைக்கானலில் அதிகம். 'குணா' (1991) வந்த பின் குகைக்கே அப்படத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. படங்களில் நாம் காண்பதெல்லாம் மூடுபனியும் பள்ளத்தாக்கும் காதலர்களுமே. வட்டக்கானலுக்கு வருவோரும் பனியைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு வெந்நீர் சுமக்கும் கைகள் அப்படத்தில் விழுவதில்லை.

அந்த இளைஞரின் தாத்தா எந்த ஆண்டு, யாரிடம், என்ன விலைக்கு நிலத்தைக் கொடுத்தார், யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்று அன்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. மழை விட்டதும் அதே படத்தை அதே சுவரில் மறுபடி போடுவதாக இருக்கிறோம். பெரியவரையும் அழைத்திருக்கிறோம். இம்முறை செபத்தைப் படத்திற்கு முன்னரே முடித்துக்கொள்வோம்.