லைக் விழுந்தால் கல்லா நிறையுமா?

செல்போன் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டும் சின்னக் கடைகள்

சென்னையில் இப்போது புதுக்கடை திறப்பவர்கள் வாசலில் வாழை மரம் கட்டுகிறார்களோ இல்லையோ, ‘ரீல்ஸ்’ எடுக்க ஆளைக் கூப்பிட்டு விடுகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடை முதல் தியாகராய நகர் நகைக்கடை வரை இதே காட்சிதான். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். இன்னொருவர், “மக்களே, இந்த விலைக்கு வேற எங்கேயும் கிடைக்காது!” என்று கத்துகிறார். சாமான் வாங்க வந்தவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்!

விளம்பரம் செய்வது தப்பில்லை. கொட்டிய பணம் கல்லாவுக்குத் திரும்பி வருகிறதா? அதுதான் கேள்வி.

இந்தக் கணக்கைப் பல கடைகளில் யாரும் போடுவதே இல்லை. “லட்சம் பேர் பார்த்திருக்காங்க” என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. பார்த்த லட்சம் பேரில் பாதிப் பேர் கோவையிலும் குவைத்திலும் இருக்கலாம். நாலு இட்லி சாப்பிட அவர்கள் அயனாவரம் வரப் போவதில்லை.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

மதுரை செல்லூரில் 2021 ஜூலையில் ஒரு பிரியாணிக் கடையின் திறப்பு விழா. 5 பைசா நாணயம் கொண்டு வந்தால் பிரியாணி என்று அறிவித்தார்கள். செல்லாக்காசுக்குச் சோறு என்றால் சும்மா இருப்பார்களா? நூற்றுக்கணக்கான பேர் திரண்டு விட்டார்கள். கொரோனா காலம் வேறு. கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று.

பெயர் ஊரெல்லாம் பரவியது. விளம்பரம் என்று பார்த்தால் வெற்றிதான். ஆனால் பழைய நாணயத்தைத் தேடி எடுத்து வந்தவர், அடுத்த வாரம் முழு விலை கொடுத்துச் சாப்பிட வருவாரா? வரலாம், வராமலும் போகலாம். சின்ன முதல் போட்டவர் அந்த ‘வரலாம்’ என்பதை நம்பிக் கடன் வாங்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு 5,000 ரூபாய் விளம்பரச் செலவு. புதிதாக 20 பேர் வந்தார்கள். தலைக்கு 250 ரூபாய் ஆகிறது. ஒரு ஆளிடம் ஒரு தடவைக்கு 50 ரூபாய் லாபம் என்றால், அந்த 20 பேரும் ஐந்து முறை வந்தால்தான் போட்ட காசே கைக்கு வரும். இதைத் தெரிந்துகொள்ள கம்ப்யூட்டர் வேண்டாம். கல்லாவில் ஒரு நோட்டு போதும். “எங்கே பார்த்துட்டு வந்தீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுக் கோடு போட்டால் ஆயிற்று.

ஓசி இடம், பிறகு வாடகை

பேஸ்புக் வந்த புதிதில் கடைப் பெயரில் பக்கம் திறந்து ஓசியில் விளம்பரம் செய்தார்கள். போட்டது பலர் கண்ணிலும் பட்டது. 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் முறையை மாற்றியது. நண்பர்கள், உறவினர்கள் போடுவதற்கு முதல் இடம். வியாபாரப் பக்கங்கள் பின்னுக்குப் போயின. முன்னே வர வேண்டுமா? பணம் கட்டு! திண்ணையில் ஓசியாக உட்கார வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு வாடகை கேட்ட கதைதான்.

சரி, பணமே கட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டக் கூடாது. கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர், இன்ன வயதுக்காரர் என்று குறுக்கிப் போட வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல் அவசரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால், பெரம்பூர் தையல்காரர் விளம்பரம் திருநெல்வேலியில் ஓடும்.

இன்னொரு ஆபத்து. கடை உங்களுடையது, ‘பக்கம்’ உங்களுடையது அல்ல! 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு டிக்டாக் உள்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்-அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. வாடிக்கையாளர் சம்மதத்தோடு வாங்கிய போன் நம்பர் நோட்டில் இருந்தால், போனிலாவது கூப்பிடலாம்.

மீன் வந்திருக்கு!

பிறகு எதுதான் பலன் தரும்? இந்த நிருபரைக் கேட்டால், சின்னக் கடைக்கு வாட்ஸ்-அப்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் போட்டால், உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பதியாதவருக்குப் போகாது. ஆகவே முதல் வேலை, பில் போடும்போதே “நம்ம நம்பரைப் போட்டுக்குங்க” என்று சொல்வதுதான்.

அதன் பிறகு என்ன அனுப்புவது? காலையில் ரோஜாப்பூவும் ‘குட்மார்னிங்’கும் அனுப்பினால் ஒரே வாரத்தில் தடுத்து விடுவார்கள். மீன் கடைக்காரர், “வஞ்சிரம் வந்திருக்கு, கிலோ இவ்வளவு, பத்து மணி வரைதான் இருக்கும்” என்று போடட்டும். தையல்காரர் “பிளவுஸ் ரெடி” என்று போடட்டும். வாங்குகிறவருக்கு உபயோகமான சேதி அது. நடிகையும் வேண்டாம், டிரோனும் வேண்டாம்.

முகம் வேண்டுமென்றால் முதலாளி முகமே இருக்கிறது. வசந்த் அன் கோ வசந்தகுமார், லலிதா ஜுவல்லரி கிரண்குமார், சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் சரவணன் ஆகியோர் தங்கள் முகத்தைத் தாங்களே காட்டித்தான் விளம்பரம் செய்தார்கள். டி.வி.க்குக் கொட்ட அவர்களிடம் பணம் இருந்தது. இன்று செல்போன் இருந்தாலே போதும்.

அப்புறம் அந்த ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ சமாச்சாரம்! விலையை ஏன் மறைக்க வேண்டும்? கேட்டவருக்கு மறுநாள் பதில் வருகிறது. அதற்குள் அவர் அடுத்த கடையில் வாங்கி முடித்து விடுகிறார்.

ரூ.50 லட்சம் வரை அபராதம்

காசோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு ‘ஆஹா, அற்புதம்’ என்று வீடியோ போடுபவர்கள், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. பேசும் மொழியிலேயே அதைச் சொல்ல வேண்டும். பொய் விளம்பரம் என்று நிரூபணமானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். சிபாரிசு செய்தவரும் தப்ப முடியாது.

இதற்கிடையே இன்ஸ்டாகிராமில் கடை என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பலும் உண்டு. அதனால் நிஜக் கடைக்காரர் மேலும் சந்தேகம் விழுகிறது. கதவு எண், தெருப் பெயர், ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் பக்கத்திலேயே போட்டு வைப்பது நல்லது. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.